ஸ்டுட்கார்ட்டில் இரண்டரை வருடம்: இது பழக இன்னும் எத்தனை வருடம் ஆகும்?

உங்கள் கேள்வியை முதலில் எனக்குப் புரிந்த மாதிரி திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. ஆபீஸில் எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. கீழ்வீட்டு அம்மா குப்பைக்கும் மாடிப்படிக்கும் கதவில் சீட்டு ஒட்டுகிறார். மூன்று வயதுப் பையனுக்கு வருகிற செப்டம்பரில்தான் கீட்டாவில், அதாவது இங்குள்ள பாலர் பள்ளியில், இடம் கிடைத்திருக்கிறது. இதுவரை மனைவி நாள் முழுக்க அவனோடு வீட்டிலேயே இருந்திருக்கிறார், இப்போது ஊருக்கே போய்விடலாம் என்கிறார். இது பழக எத்தனை வருடம் ஆகும், இல்லை இது நிறவெறிதானா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். படிக்கும்போது எனக்குப் பட்டது இதுதான்: எழுதியதில் முக்கால்வாசி உங்கள் மனைவியைப் பற்றி. உங்களுக்கு வேலை இருக்கிறது, நாள் ஓடிவிடுகிறது. வேலைக்காக வராமல் துணைக்கு வந்தவருக்கு இங்கே ஒரு வாழ்க்கை அமையுமா என்பதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் வேலைக்கு வந்தவர்கள்தான் பதில் எழுதுகிறார்கள். நான் துணைக்கு வந்தவள். பாளையங்கோட்டையிலிருந்து கணவரின் வேலைக்காக வந்து, இங்கே ஜெர்மன் படித்து, மூன்று வருடப் பயிற்சி முடித்து, இப்போது ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஒரு ஊரில் கீட்டா ஆசிரியையாக இருக்கிறேன். செப்டம்பர் வந்தால் புதுக் குடும்பங்கள் எங்கள் வாசலுக்கு வருவார்கள். அதே பெற்றோர் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை எப்படி மாறுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கிற வேலை இது. ஆனால் எனக்குத் தெரிந்த ஜெர்மனி இந்தப் பக்கத்து ஜெர்மனி மட்டும்தான். பெர்லினில் இருப்பவர்களும் லைப்ஸிகில் இருப்பவர்களும் நான் சொல்வதில் பாதியை மறுக்கலாம், அவர்கள் ஊரைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கும். நான் மனநல மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை.

‘எத்தனை வருடம்’ என்பதற்குத் தயாராக ஒரு பதில் எங்கேயும் கிடைக்கும். முதலில் தேனிலவு, அப்புறம் சரிவு, அப்புறம் மெல்ல மெல்ல ஏற்றம் என்று ஆங்கில யூ எழுத்து மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். இதற்கு மூலம் ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர் 1955இல் வெளியிட்ட ஆய்வு. உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த சுமார் 200 நார்வேக்காரர்களை விசாரித்ததில், ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள் என்று அவர் எழுதினார். ஒரே ஆளை வந்த நாளிலிருந்து பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு இல்லை அது. பிற்பாடு அப்படிப் பின்தொடர்ந்தவர்கள் பலருக்கு அந்த யூ கிடைக்கவே இல்லை. அதனால் ‘பதினெட்டு மாதம் தாண்டியும் சரியாகவில்லையே, நம்மிடம்தான் ஏதோ குறை’ என்று நினைக்க வேண்டாம்.

நான் கண்ணால் பார்த்தது வேறு. ஊருக்குப் போய்விடலாம் என்ற பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான் கிளம்புகிறது. முதல் வருடம் முழுக்க வேலை இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் பதிவு, வீடு தேடல், இன்சூரன்ஸ், அலமாரி வாங்கி அதைப் பொருத்துவது, குளிருக்குச் சட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் முடியும்போது ஒரு சின்ன வெற்றியாகவும் தெரியும். இதெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சமையலும் முடிந்து, பிள்ளையும் விளையாடிக்கொண்டிருக்கும்போது, ‘இனி என்ன’ என்று ஒன்று வரும். உங்கள் மனைவி இப்போது அங்கேதான் நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

சரி, முதலில் அந்தச் சீட்டுகளை முடித்துவிடுவோம். இங்கே வருகிற எரிச்சல்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி மனக்கசப்பு குறையும். சில சட்டம், சில வட்டார வழக்கம், சில மட்டும்தான் ஆளின் குணம். ஞாயிற்றுக்கிழமை அமைதி முதல் வகை. ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் ஓய்வுக்கு உரியவை என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அதனால்தான் கடைகள் மூடியிருக்கின்றன, சுவரில் துளை போடக் கூடாது, காலி பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் போடுவதைக்கூடத் திங்கட்கிழமைக்குத் தள்ளுகிறார்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பதும் அப்படித்தான். சின்னப் பிள்ளை அழுவது, ஓடுவது இதில் சேராது. பிள்ளை சத்தத்தை அக்கம்பக்கம் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். குப்பை பிரிப்பதும் விதிதான், ஆனால் எந்த நிறத் தொட்டியில் எது என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊராட்சி வருடத்துக்கு ஒருமுறை அனுப்பும் குப்பைக் காலண்டரைச் சமையலறையில் ஒட்டிவையுங்கள், நண்பர் சொன்னதை நம்பாதீர்கள்.

மாடிப்படிச் சீட்டு இரண்டாம் வகை, அது இந்தச் சீமைக்கே உரியது. கேர்வொக்கே என்பார்கள், பெருக்கும் முறை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஸ்டுட்கார்ட்டில் அவரவர் வாசலைச் சுத்தமாக வைக்க ஆணை இருந்தது. நகராட்சி விதியாக இருந்ததை 1988இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் வாடகை ஒப்பந்தத்திலும் வீட்டு விதிகளிலும் அது அப்படியே உயிரோடு இருக்கிறது. சின்ன முறை என்றால் உங்கள் தளத்துப் படிக்கட்டு, நடைபாதை. பெரிய முறை என்றால் வாசல், தெருவோர நடைபாதை, நிலவறை, குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுவது, பனி பெய்தால் அள்ளுவது எல்லாம் சேரும். ஒரு சின்ன அட்டை உங்கள் கதவுக் கைப்பிடியில் தொங்கினால் இந்த வாரம் உங்கள் முறை. முடித்ததும் அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். படி சுத்தமாகத்தான் இருக்கிறதே, எதற்கு மறுபடி துடைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். இங்கே சுத்தத்தோடு, நீங்கள் துடைப்பதைக் கட்டடம் பார்ப்பதும் முக்கியம். சனிக்கிழமை காலை வாளியோடு படியில் நில்லுங்கள், மேலே ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரும் காலை வணக்கம் சொல்வார்கள். எங்கள் கட்டடத்தில் யார் யார் எந்த வீடு என்பதே எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

அதனால் அந்த அம்மாவிடம் ஒரு தரம் போய்ப் பேசுங்கள், அதைவிட உங்கள் மனைவியே போவது நல்லது. சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மாலை நாலு ஐந்து மணிக்கு மணி அடித்து, ‘எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுகிறீர்களா’ என்று கேட்கட்டும். அரைகுறை ஜெர்மன் போதும். இந்தப் பக்கத்து வயதானவர்கள் சொல்லிக்கொடுப்பதை மிகவும் விரும்புகிறவர்கள், நிலவறை வரை கூட்டிப் போய்க் காட்டுவார்கள். எல்லாருமே அப்படி என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் சீட்டு எழுதி ஒட்டுகிறவருக்கு நீங்கள் இன்னும் திருத்தக் கூடியவர் என்ற நினைப்பு இருக்கிறது. நேரே வீட்டு உரிமையாளருக்குப் புகார் எழுதுகிறவரைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

நிறவெறியா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சீட்டும், வீட்டுக்குக் கூப்பிடாததும் அதற்குப் போதுமான சாட்சி இல்லை, ஜெர்மன் குடும்பங்களுக்கே இதே சீட்டு வருகிறது. அதற்காக நிறவெறி இங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. போனில் நம் பெயரைச் சொன்னதும் வீடு ‘போய்விட்டது’ என்பது, பூங்காவில் நம்மை மட்டும் கேள்வி கேட்பது எல்லாம் நடப்பதுதான். அதைக் கலாச்சார வித்தியாசம் என்று விழுங்க வேண்டியதில்லை. வேலை, வாடகை போன்றவற்றில் இனத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதற்கு எதிராக 2006இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி இழப்பீடு கேட்க இரண்டு மாதம்தான் கெடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள், அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்தில் ஆலோசனைக்குக் காசு கிடையாது.

வீட்டுக்குக் கூப்பிடாத விஷயத்தில் எனக்கு ஓரளவு உறுதி உண்டு. இங்குள்ளவர்களுக்கு ஆபீஸ் வேறு, வீடு வேறு. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த நாலு பேரோடு ஐம்பது வயது வரைக்கும் நட்பு வைத்திருப்பார்கள், அந்த வட்டத்தில் புது ஆளுக்கு இடம் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. உங்களைப் பிடிக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இதை உடைக்கிற வழி காத்திருப்பது கிடையாது, நீங்கள் கூப்பிடுவதுதான். நம் ஊரில் ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்றால் அது அன்பு. இங்கே தேதி இல்லாத அழைப்பு அழைப்பே இல்லை. மூன்று வாரம் முன்னாலேயே சொல்லுங்கள்: ஞாயிறு, மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, காபியும் கேக்கும். முடிகிற நேரத்தையும் சொல்வது அவமரியாதை இல்லை, அவர்களுக்கு அது பெரிய நிம்மதி. மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே வந்து நிற்பார்கள், அந்த நேரத்தில் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கக் கூடாது. பதினைந்து வகை சமைத்து ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று போட வேண்டாம், ஒரு தரம் வேண்டாம் என்றால் உண்மையிலேயே வேண்டாம். போண்டாவும் கேசரியும் போதும். அடுத்த மாதமே அவர்கள் திருப்பிக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சில பேர் ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் விடவே மாட்டார்கள்.

ஆபீஸைப் பற்றி ஒன்றிரண்டு. பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். நீங்கள் இரண்டரை வருடமாகக் கொண்டுவரவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் கவனித்திருப்பார்கள். முதல் நாளே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாது என்று இவ்வளவு படித்தவர்களும் நம்புகிறார்கள். அப்புறம், வேலையை யாரும் பாராட்டுவதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். திட்டாமல் விட்டாலே பாராட்டியதுதான் என்று இந்தப் பக்கத்து மக்களான ஷ்வாபியர்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். உங்கள் மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நன்றாகவே செய்கிறீர்கள்.

இப்போது உங்கள் மனைவி. நீங்கள் ப்ளூ கார்டில், அதாவது தகுதி பெற்ற வெளிநாட்டு வேலையாட்களுக்கான அனுமதியில், வந்திருப்பதால் அவருக்கும் முதல் நாளிலிருந்தே எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு. பல பேருக்கு இது தெரிவதில்லை, அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொன்ன விசாக் கதையை இங்கேயும் பொருத்திக்கொள்கிறார்கள். அரசு உதவியோடு நடக்கும் இன்டகிரேஷன் கோர்ஸில் பொதுவாக 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டைப் பற்றிய பாடம். முடிவில் பி1 நிலைக்கு, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கிற நடுத்தர மொழி நிலைக்கு, பரீட்சை. அதில் சேர முடியுமா என்று உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஊருக்கு ஊர் இருக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே, பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தும் பொதுக் கல்வி மையம், நம்மாட்கள் வி.எச்.எஸ். என்பது. மொபைல் செயலியில் வீட்டில் உட்கார்ந்து படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வார்த்தை தெரியும், வாய் திறக்காது. வகுப்பில் உக்ரைன்காரரும் பிரேசில்காரரும் துருக்கிக்காரரும் ஒரே மாதிரி தப்பாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், அந்தத் தைரியம்தான் வேண்டும். என் நெருங்கிய தோழி ஒருவர் பெருவைச் சேர்ந்தவர், அந்த வகுப்பில் கிடைத்தவர்தான்.

இதில் உங்கள் பங்கு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். நல்ல கணவர்கள் பலர் அன்பினாலேயே மனைவியை அடைத்துவிடுகிறார்கள். வருகிற கடிதம் எல்லாவற்றையும் அவரே மொழிபெயர்ப்பு செயலியில் போட்டுப் படிப்பார், டாக்டருக்கு அவரே போன் செய்வார், கீட்டாவுக்கு மின்னஞ்சல் அவரே அனுப்புவார், சனிக்கிழமை சேர்ந்துபோய் வாரச் சாமான் வாங்கிவருவார்கள். மூன்று வருடம் கழித்து அந்த அம்மாவுக்கு ஒரு ரொட்டிக் கடையில் தனியாக நின்று கேட்கத் தெரியாது. உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இனி பையனின் டாக்டருக்கு நேரம் வாங்குவது அவர் பொறுப்பு என்று வையுங்கள். முன்னாலேயே நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யட்டும். வரவேற்பில் இருக்கிற பெண் பொறுமையில்லாமல் பேசினால் பேசட்டும், மூன்றாவது தரம் அந்தக் குரல் பழகிவிடும்.

செப்டம்பரில் கீட்டா ஆரம்பம் என்பது உங்கள் கடிதத்திலேயே பெரிய நல்ல செய்தி, நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். முதல் சில வாரங்கள் பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், கூடவே இருந்து, பிறகு பத்து நிமிடம் வெளியே போய் வந்து, அப்புறம் அரை மணி என்று மெல்ல மெல்லப் பிரிப்போம். இதை ஐன்கெவோனுங் என்போம். பல வீடுகளில் ஜெர்மனோ ஆங்கிலமோ நன்றாகப் பேசுகிறவர் என்பதால் கணவர் லீவு போட்டு வந்து உட்காருவார். தயவுசெய்து மனைவியை அனுப்புங்கள். அந்த வாரங்களில் வெளியே போகச் சொன்ன தாய்மார் எல்லாரும் ஒரே நடைக்கூடத்தில், ஒரே பயத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே யார் பிள்ளை அழுகிறது என்று காது கொடுத்துக்கொண்டு. அங்கே பேச்சு தானாக வரும். போன வருடம் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் இப்படித்தான். முதலில் குழந்தையின் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, யாரும் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று வேகமாக வெளியேறுவார். ஒரு நாள் பக்கத்துக் கொக்கியில் பை மாட்டுகிற பையனின் அம்மாவிடம், பிள்ளைகளின் கையுறையை எப்படித் தொலைக்காமல் வைப்பது என்று கேட்டார். அந்த அம்மா இரண்டு கையுறையையும் ஒரு கயிற்றில் கட்டிச் சட்டைக் கைக்குள் விட்டுக் காட்டினார். அவ்வளவுதான் நடந்தது. நவம்பரில் மார்ட்டின் திருநாள் விளக்கு ஊர்வலத்துக்கு அந்த இரண்டு குடும்பமும் சேர்ந்து நடந்துபோவதைப் பார்த்தேன்.

இங்கே நட்பு உருவாகிற விதம் பெரும்பாலும் இதுதான்: அதே இடம், அதே நேரம், அதே ஆட்கள், திரும்பத் திரும்ப. ஃபெரைன் என்று சொல்லும் சங்கங்கள் ஜெர்மனி முழுக்க ஆறு லட்சத்துக்கு மேல் பதிவாகியிருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். உடற்பயிற்சி, பாட்டு, தோட்டம், தன்னார்வத் தீயணைப்பு என்று எல்லாவற்றுக்கும் சங்கம். பையனோடு சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி வகுப்பு உங்கள் ஊர் விளையாட்டுச் சங்கத்தில் பெரும்பாலும் இருக்கும், கட்டணமும் குறைவு. கோடை விழாவுக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று கீட்டாக் கதவில் ஒரு தாள் ஒட்டுவோம், அதில் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரு தட்டு வடை வைத்தால் அடுத்த வருடம் அவர்களே கேட்பார்கள். உங்கள் மனைவி ஒரு வாரம் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க யாராவது இருக்கிற ஓர் இடம், அது ஒன்று அமைந்த குடும்பங்கள் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசுவதை நான் அதிகம் கேட்டதில்லை. வருடக் கணக்கைவிட இதைத்தான் நான் பார்ப்பேன்.

பையன் விஷயத்தில் ஒன்று மட்டும் ஆசிரியையாக அழுத்திச் சொல்கிறேன். கீட்டா ஆரம்பிக்கிறதே என்று வீட்டில் ஜெர்மன் பேச முயலாதீர்கள். உங்களுக்கு எது சரளமோ அந்த மொழியிலேயே பேசுங்கள், கதை சொல்லுங்கள், சண்டை போடுங்கள். வீட்டு மொழி வலுவாக இருக்கிற பிள்ளை ஜெர்மனையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முதல் சில மாதம் அவன் அங்கே வாயே திறக்காமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம், கேட்டுக்கொண்டுதான் இருப்பான். வீட்டில் தமிழிலும் பேச்சு குறைகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தமிழ் ஆட்களோடு மட்டும் இருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும் என்று வாழ்கிறவர்களும் உண்டு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஐடி வாட்ஸ்அப் குழுவை மட்டும் தமிழ்ச் சமூகம் என்று நினைக்காதீர்கள். நமக்கு முன்னால் 1980களில் இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக வந்து இங்கே வேரூன்றியவர்கள். நீங்கள் கறிவேப்பிலை வாங்குகிற தமிழ்க்கடை, பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் நடக்கும் தமிழ்ப் பள்ளி, 2002இல் குடமுழுக்கு நடந்த ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் எல்லாம் அவர்கள் உழைப்பு. விசாவும் வேலையும் கையில் வைத்துக்கொண்டு வந்த நாம் புலம்புவதைக் கேட்டு அந்தக் கடைக்கார அக்கா சிரிக்காமல் இருப்பதே பெருந்தன்மை. அவரிடம் உங்கள் மனைவி பேசிப் பார்க்கட்டும். எந்த டாக்டர் நல்லவர், எந்தப் பள்ளிக்கூடம் பரவாயில்லை, குளிரில் இட்லி மாவு எப்படிப் புளிக்கும் (ஓவன் அடுப்பில் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்தால் போதும்) என்று குழுவில் கிடைக்காத பதில்கள் அங்கே கிடைக்கும்.

குளிர்காலத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணி நேரத்தைத் தாண்டுவதே பெரிது, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும் ஊருக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எட்டு மணிக்கு அம்மாவோடு பேசலாம் என்று போனை எடுத்தால் ஊரில் பன்னிரண்டரை. இந்தச் சின்ன விஷயம் பல பெண்களை உள்ளுக்குள் தின்கிறது. அதனால் பேச்சைக் காலைக்கு மாற்றுங்கள், இங்கே எட்டரை என்றால் அங்கே ஒரு மணி, மதியச் சாப்பாட்டு நேரம். மழையோ பனியோ, பகலில் அரை மணி நேரம் வெளியே நடக்கச் சொல்லுங்கள். ஆனால் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, பிள்ளையைக்கூடக் கவனிக்க முடியவில்லை என்பது வாரக்கணக்கில் நீடித்தால் அது ஊர் ஏக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், குடும்ப டாக்டரிடம் நேரே சொல்லுங்கள். நீங்கள் அரசு சுகாதாரக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத மனைவிக்கும் அதிலேயே தனிக் கட்டணம் இல்லாமல் இடம் உண்டு. டாக்டர் இல்லாத நேரத்துக்கு 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112.

திரும்பிப் போவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. வயதான பெற்றோர், மனைவியின் சொந்த வேலை, இதையெல்லாம் யோசித்துப் போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். போகிறீர்களோ இல்லையோ, இரண்டரை வருடம் ஆகிவிட்டதால் காகிதத்தை மட்டும் முடித்துவையுங்கள். ப்ளூ கார்டில் ஆரம்ப நிலையான ஏ1 ஜெர்மனோடு 27 மாதத்திலும் பி1 இருந்தால் 21 மாதத்திலும் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், ஓய்வூதியப் பங்களிப்பு அத்தனை மாதமும் இருக்க வேண்டும். வாங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அது செல்லாமல் போகும். விதிவிலக்குகள் இருப்பதால் கிளம்பும் முன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிய ஓய்வூதியக் காலம் வீணாகிவிடும் என்ற பயம் வேண்டாம், இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் 2017இலிருந்து ஒப்பந்தம் இருக்கிறது, இரண்டு நாட்டுக் காலத்தையும் தகுதிக்குச் சேர்த்துப் பார்ப்பார்கள். குடியுரிமை ஐந்து வருடத்தில் கேட்கலாம், ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுப்பதில்லை. அதைப் பற்றி இப்போதே சண்டை போட வேண்டாம்.

வி.எச்.எஸ். இலையுதிர்கால வகுப்புகளுக்குப் பதிவு கோடையிலேயே ஆரம்பித்துவிடும், காலை வகுப்புகள்தான் முதலில் நிரம்பும், கீட்டா நேரத்துக்கும் அவைதான் ஒத்துவரும். உங்கள் மனைவி என்ன படித்தவர், முன்பு என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதுங்கள், முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள். நர்ஸ், ஆசிரியை, இன்ஜினியர் என்று ஒவ்வொன்றுக்கும் இங்கே பட்டத்தை அங்கீகரிக்கும் வழி வேறு. என்னை மாதிரிக் கீட்டாப் பயிற்சிக்கு வர விருப்பம் என்றால் இந்த மாநிலத்தில் சம்பளத்தோடு படிக்கிற முறை இருக்கிறது, அதைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும்.